மெத்தனாலிலிருந்து ஃபார்மால்டிஹைடு: இரும்பு மாலிப்டேட் வினையூக்கியைத் தயாரிப்பது முதல் மாற்றுவது வரை

பிளைவுட் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்க வைக்கும் நெடி ஃபார்மால்டிஹைடு. பலகைகளை ஒட்டும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினிலிருந்து கசிவது அது. மெலமைன் தட்டு, பேகலைட் சுவிட்ச், ஹெக்சமின் மாத்திரை என்று அதிலிருந்து பிறக்கும் பொருள்கள் ஏராளம். ஃபார்மால்டிஹைடு எதிலிருந்து வருகிறது என்றால், மெத்தனாலிலிருந்து. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் உலோக ஆக்சைடு வினையூக்கியைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. வேதியியல் முதுகலை மாணவர்களையும், ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசல்) ஆலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வினையூக்கியின் கதை முழுக்க மாலிப்டினத்தின் கதை. பீக்கரில் அது அளவாக விழுகிறதா, சூளையில் தங்குகிறதா, ரியாக்டரில் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வந்தால், மற்றவை தானாகப் பிடிபடும்.

வெள்ளியா, ஆக்சைடா?

1867-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹாஃப்மன் மெத்தனால் ஆவியையும் காற்றையும் சூடான பிளாட்டினக் கம்பியின் மேல் செலுத்தி ஃபார்மால்டிஹைடைப் பெற்றார். பின்னால் தொழிற்சாலைகள் வெள்ளிக்கு மாறின. வெள்ளி வினையூக்கி 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரையிலான கொதிப்பில் வேலை செய்கிறது. அங்கே மெத்தனால் அதிகம், காற்று குறைவு.

1931-இல் அமெரிக்காவில் ஹோமர் ஆட்கின்ஸும் பீட்டர்சனும் வேறு வழியைக் காட்டினார்கள். இரும்பு ஆக்சைடைத் தனியாகவும், மாலிப்டினம் ஆக்சைடைத் தனியாகவும், இரண்டையும் சேர்த்தும் சோதித்தார்கள். இரும்பு ஆக்சைடு மட்டும் இருந்தால் மெத்தனால் எரிந்து கார்பன் டைஆக்சைடாகிவிடும். மாலிப்டினம் ஆக்சைடு மட்டும் இருந்தால் ஃபார்மால்டிஹைடு சுத்தமாக வரும், ஆனால் வேகம் போதாது. இரண்டும் சேர்ந்தபோது வேகமும் கிடைத்தது, சுத்தமும் கிடைத்தது. ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் இதை ஃபார்மாக்ஸ் என்ற பெயரில் தொழில்முறையாக வளர்த்தது. அந்தப் பிரிவு 2013-இல் ஜான்சன் மேத்தியிடம் போனது.

ஆக்சைடு வழியில் ரியாக்டர் 250 முதல் 400 டிகிரி வரை போதும். காற்று அதிகம், மெத்தனால் குறைவு. ஆலையில் மெத்தனாலில் 98, 99 சதவீதம் மாறிவிடுகிறது. மிச்ச மெத்தனாலை வடித்துப் பிரிக்கும் தனிக் கோபுரம் தேவைப்படுவதில்லை. 55 சதவீதம் வரை அடர்த்தியான கரைசல் நேரடியாகக் கிடைக்கிறது. பிசின் செய்பவர்களுக்குத் தண்ணீர் குறைவான ஃபார்மால்டிஹைடுதான் வேண்டும் என்பதால், என் கணக்கில் இதுவே இந்த முறையின் பெரிய பலம்.

உள்ளே என்ன நடக்கிறது?

மெத்தனால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு நேரடியாகச் சேர்வதில்லை. ஆக்சைடு தன் படிகத்திலிருக்கும் ஆக்ஸிஜனைக் கைமாற்றாகக் கொடுக்கிறது. பிறகு காற்றிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 1954-இல் மார்ஸ், வான் கிரெவெலன் இருவரும் விளக்கிய இந்தப் போக்கு அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது. மெத்தனால் முதலில் மேற்பரப்பில் மெத்தாக்சியாக ஒட்டுகிறது. அதிலிருக்கும் ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு உடைவதுதான் மெதுவான கட்டம். அது உடைந்ததும் ஃபார்மால்டிஹைடு விடுபடும். மிஞ்சிய ஹைட்ரஜன்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகும்.

மேற்பரப்பில் இந்த வேலையைச் செய்வது மாலிப்டினம் ஆக்சைடு. கீழே இரும்பு மாலிப்டேட் ஆக்ஸிஜனுக்குக் கிடங்காகவும், மேலே மாலிப்டினம் குறையும்போது அதை ஈடுசெய்யும் இருப்பாகவும் இருக்கிறது. அசல் சேர்மத்தில் ஒரு இரும்புக்கு 1.5 மாலிப்டினம். ஆனால் ஆலைகளில் 2.2 முதல் 3 வரை வைக்கிறார்கள். அந்தக் கூடுதல் மாலிப்டினம் வீணில்லை. அது இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் மேற்பரப்பில் இரும்பு தலைகாட்டும், மெத்தனால் எரியத் தொடங்கும்.

படி 1: வீழ்படிவு

முதல் தடவைக்கு 4 கிராம் வினையூக்கி போதும். பெரிய தொகுதியில் இறங்காதீர்கள், காரணம் அடுத்த படியில் வரும்.

மாலிப்டினம்-இரும்பு விகிதம் 2.2 என்று வைத்துக்கொள்வோம். ஃபெர்ரிக் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 4.04 கிராம், அதாவது 0.01 மோல் இரும்பு. அதற்கு 0.022 மோல் மாலிப்டினம் வேண்டும். அம்மோனியம் ஹெப்டாமாலிப்டேட் டெட்ராஹைட்ரேட்டின் ஒரு மூலக்கூறில் 7 மாலிப்டினம் இருப்பதால், 3.88 கிராம் எடுத்தால் சரியாக வரும். இரண்டும் முழுதாக ஆக்சைடாக மாறினால் கிடைப்பது 3.97 கிராம்: இரும்பு மாலிப்டேட் 2.96, கூடுதல் மாலிப்டினம் ட்ரைஆக்சைடு 1.01. இந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், கடைசியில் எடைபோட்டு ஒப்பிடலாம். ஃபெர்ரிக் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும் உப்பு. பாட்டில் திறந்து கிடந்திருந்தால் எடை பொய் சொல்லும், புதுப் பாட்டிலாகப் பாருங்கள்.

மாலிப்டேட்டை 60 மி.லி. வடிநீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கொண்டுவாருங்கள். 60 டிகிரிக்குச் சூடாக்கி, நன்றாகக் கலக்கிக்கொண்டே, 20 மி.லி. நீரில் கரைத்த இரும்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 20 நிமிடமாவது ஆகட்டும். இளமஞ்சள் வீழ்படிவு திரளும்.

வரிசையை மாற்றக் கூடாது. இரும்பை மாலிப்டேட்டுக்குள் விட வேண்டும், மாலிப்டேட்டை இரும்புக்குள் விடக் கூடாது. அப்போதுதான் ஒவ்வொரு சொட்டு இரும்பும் விழும் இடத்தில் மாலிப்டினம் மிகுதியாகக் காத்திருக்கும். நான் முதல் தடவை அவசரத்தில் தலைகீழாகச் செய்தேன். மஞ்சளுக்குப் பதில் பழுப்புக் கலந்த குழம்பு வந்தது, சோதனையில் கார்பன் டைஆக்சைடு கொட்டியது.

விட்டு முடித்ததும் 90 டிகிரியில் கலக்கிக்கொண்டே நீரை ஆவியாக்கி, ஈரக் களிம்பு ஆகும்வரை வற்ற விடுங்கள். வடிகட்டிக் கழுவுவதும் ஒரு வழிதான். ஆனால் கழுவும் நீரோடு கொஞ்சம் மாலிப்டினம் போய்விடும், அப்புறம் விகிதம் 2.2 என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிறு தொகுதிக்கு வற்றவைப்பதையே விரும்புகிறேன்.

படி 2: உலர்த்தலும் சுடுதலும்

எச்சரிக்கை இங்கேதான் முக்கியம். வற்றவைத்த களிம்பில் அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. நம் 4 கிராம் தொகுதியில் கிட்டத்தட்ட 1.5 கிராம் வரை. இதைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஒரே கிண்ணத்தில் வேகமாகச் சூடாக்கினால் வெடிக்கக்கூடும். பெரிய தொகுதி வேண்டாம் என்றது இதனால்தான்.

120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். பொடித்து, பீங்கான் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள சூளையில் வையுங்கள். நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றி, 230 டிகிரியில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். நைட்ரஜன் ஆக்சைடுகள் பழுப்புப் புகையாக வரலாம். சூளையின் புகை வழி ஃப்யூம் ஹுட்டுக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகு 450 டிகிரிக்கு ஏற்றி நான்கு மணி நேரம்.

500 டிகிரியைத் தாண்ட வேண்டாம். படிகங்கள் பெருத்துப் பரப்பளவு சுருங்கும். 700 டிகிரியை நெருங்கினால் மாலிப்டினம் ட்ரைஆக்சைடு பதங்கமாகி ஓடவே தொடங்கிவிடும். சுட்டு எடுத்த பொடி மஞ்சள்-பச்சை கலந்த நிறத்தில் இருக்கும். எடைபோட்டு, எழுதி வைத்த 3.97 கிராமோடு ஒப்பிடுங்கள். கையாளும்போது கொஞ்சம் சிந்துவது சகஜம். எடை கூடுதலாக இருந்தால்தான் கவலை, சுடுதல் முழுமையாகவில்லை என்று பொருள்.

படி 3: சரியான பொருள்தானா?

எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷனில், செம்புக் குழாய் கருவி என்றால், இரும்பு மாலிப்டேட்டின் முக்கிய உச்சி 23 டிகிரிக் கோணத்தை (2-தீட்டா) ஒட்டி வரும். மாலிப்டினம் ட்ரைஆக்சைடு 12.8, 25.7, 27.3 டிகிரிகளில் தன்னைக் காட்டும். இரண்டும் தெரிய வேண்டும். ராமன் நிறமாலைக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. 780 அலைஎண் அருகே இரும்பு மாலிப்டேட், 820-இல் மாலிப்டினம் ட்ரைஆக்சைடு. பத்து நிமிட வேலை. 820 உச்சி காணாமல் போயிருந்தால் கூடுதல் மாலிப்டினம் எங்கேயோ தொலைந்துவிட்டது, ரியாக்டரில் போடும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

படி 4: சோதனைக் கருவி

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். மெத்தனால் காற்றில் 6 முதல் 36 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும் கலவை. ஆய்வகங்களில் மெத்தனால் ஆவியைத் தர, திரவ மெத்தனாலுக்குள் வாயுவைக் குமிழியிட வைக்கும் பபிளரைப் பயன்படுத்துவார்கள். அந்தப் பபிளருக்குள் நேரடியாகக் காற்றை விடுவது பெரிய தவறு. சென்னையின் சாதாரண 30 டிகிரி அறையில் மெத்தனாலின் ஆவியழுத்தம் சுமார் 164 மி.மீ. பாதரசம். அப்படியானால் வெளியே வரும் காற்றில் 21 சதவீதத்துக்கு மேல் மெத்தனால். வெடிப்பு வரம்பின் நட்டநடுவில். ஐரோப்பிய ஆய்வகத்தின் குளிருக்கு எழுதிய செய்முறையை அப்படியே நம் ஊரில் செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே பபிளருக்குள் நைட்ரஜனை மட்டும் விடுங்கள், காற்றைப் பின்னால் கலக்குங்கள். பபிளரைக் குளிர்நீர்த் தொட்டியில் 10 டிகிரியில் வையுங்கள். அப்போது ஆவியழுத்தம் 55 மி.மீ., நைட்ரஜனில் மெத்தனால் 7.3 சதவீதம். நிமிடத்துக்கு 60 மி.லி. நைட்ரஜன் பபிளர் வழியாக, 40 மி.லி. காற்று தனியாக. இரண்டும் சேர்ந்தபின் மெத்தனால் 4.5 சதவீதம், ஆக்ஸிஜன் 8 சதவீதம். ஒரு மெத்தனாலுக்கு 1.8 ஆக்ஸிஜன் மூலக்கூறு. வினைக்குத் தேவை அரை மூலக்கூறுதான், ஆகவே தாராளம்.

குளிர்விப்பான் நின்று பபிளர் 30 டிகிரிக்கு ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மெத்தனால் 14 சதவீதமாகும். ஆனால் ஆக்ஸிஜன் 7 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும், அறை வெப்பநிலையில் தீ பரவ அது போதாது. ஆனால் வினையூக்கிக்கு ஆபத்து. ஒரு மெத்தனாலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைந்தபட்ச அரை மூலக்கூறை ஒட்டிவிடும், படிகம் பட்டினி கிடக்கும்.

பொடியை அழுத்தி, உடைத்து, 250 முதல் 355 மைக்ரான் துகளாகச் சலித்து, 0.25 கிராம் எடுத்து அதைப் போல ஐந்து மடங்கு சிலிக்கன் கார்பைடோடு கலந்து குவார்ட்ஸ் குழாயில் நிரப்புங்கள். வெப்பத்தைப் பரப்பத்தான் சிலிக்கன் கார்பைடு. தெர்மோகப்பிள் நுனி இந்த வினையூக்கிப் படுக்கைக்குள் இருக்க வேண்டும், சூளையின் வெப்பநிலை வேறு, படுக்கையின் வெப்பநிலை வேறு. ரியாக்டரிலிருந்து கருவி வரையிலான குழாய்களை 120 டிகிரியில் வைத்திருங்கள். குளிர்ந்த முழங்கை ஒன்று இருந்தாலும் அங்கே பாராஃபார்மால்டிஹைடு வெள்ளையாக உறைந்து அடைக்கும், உள்ளே போன கார்பனும் வெளியே வந்த கார்பனும் கணக்கில் ஒத்துப்போகாது.

ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. மெத்தனால் கண்ணைப் பறிக்கும் விஷம், அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் தெரியாது. முழு அமைப்பும் ஃப்யூம் ஹுட்டுக்குள் இருக்கட்டும்.

படி 5: ஓட்டுதல்

முதலில் காற்றோட்டத்தில் 350 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு 200-க்கு இறக்கி மெத்தனாலைத் திறந்து, 25 டிகிரி இடைவெளியில் 350 வரை ஏறுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம் நிலைக்க விட்டு அளவெடுங்கள். வினையூக்கி இல்லாமல் சிலிக்கன் கார்பைடு மட்டும் உள்ள குழாயையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டிய விதி: ஆக்ஸிஜன் முதலில் வரும், கடைசியில் போகும். மெத்தனால் கடைசியில் வரும், முதலில் போகும். சூடான படுக்கையில் ஆக்ஸிஜன் இல்லாமல் மெத்தனால் மட்டும் ஓடினால் இரும்பு மாலிப்டேட் ஒடுங்கி இரும்பு(2) மாலிப்டேட்டாக மாறிப் படுக்கை கறுத்துவிடும். காற்றில் சூடாக்கினால் ஓரளவு மீளும், ஆனால் பழைய நிலைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படி 6: அளத்தலும் புரிந்துகொள்ளலும்

கேஸ் குரோமடோகிராஃபில் சுடர் அயனிக் காட்டிக்கு ஃபார்மால்டிஹைடு சரியாகத் தெரியாது. வெப்பக் கடத்தல் காட்டியைப் பயன்படுத்துங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் சல்ஃபைட் டைட்ரேஷன் இருக்கவே இருக்கிறது, மலிவு, நம்பகமானது. வெளிவரும் வாயுவை 30 நிமிடம் பனிக்கட்டியில் வைத்த வடிநீரில் உறிஞ்சவிட்டு 100 மி.லி. ஆக்குங்கள். அதில் 25 மி.லி. எடுத்து தைமால்ஃப்தலீன் சேர்த்து நடுநிலையாக்கி, அதேபோல் நடுநிலையாக்கிய சோடியம் சல்ஃபைட் கரைசலை மிகுதியாக விட்டால், ஃபார்மால்டிஹைடின் அளவுக்குச் சமமான சோடியம் ஹைட்ராக்சைடு விடுபட்டு நீலம் வரும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நீலம் மறையும்வரை விடுங்கள். ஒரு மி.லி. அமிலத்துக்கு 3 மி.கிராம் ஃபார்மால்டிஹைடு. நம் ஓட்ட அளவில் நிமிடத்துக்கு 0.19 மில்லிமோல் மெத்தனால் போகிறது, 95 சதவீதம் கிடைத்தால் ப்யூரெட்டில் 13.7 மி.லி. காட்ட வேண்டும்.

இனி, கூடவே வரும் பொருள்களைப் பாருங்கள். அவைதான் வினையூக்கியின் உடல்நிலையைச் சொல்பவை. டைமெத்தில் ஈதரும் டைமெத்தாக்சிமீத்தேனும் தாழ்ந்த வெப்பநிலையில், மாற்றம் குறைவாக உள்ளபோது வரும். மேற்பரப்பின் அமிலத்தன்மை காரணம், 300 டிகிரியை நெருங்கும்போது குறைந்துவிடும். கார்பன் மோனாக்சைடு கூடினால், உருவான ஃபார்மால்டிஹைடு படுக்கையில் அதிக நேரம் தங்கி மேலும் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. வெப்பத்தைக் குறையுங்கள் அல்லது ஓட்டத்தைக் கூட்டுங்கள். தாழ்ந்த வெப்பநிலையிலேயே கார்பன் டைஆக்சைடு வந்தால் ஓட்டத்தைத் திருகிப் பயனில்லை. இரும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம், படி 1-க்குத் திரும்புங்கள்.

ஆலையில் என்ன மாறுகிறது?

ஆய்வகப் படுக்கையில் வெளிவரும் வெப்பம் அரை வாட் அளவுதான். ஆலையில் ஆயிரக்கணக்கான குழாய்கள், பொடிக்குப் பதில் சில மி.மீ. அளவுள்ள துளையிட்ட வளையங்கள். ஒரு மோல் மெத்தனால் ஃபார்மால்டிஹைடு ஆகும்போது 156 கிலோஜூல் வெளிவரும், முழுதாக எரிந்தால் 676 கிலோஜூல். நான்கு மடங்குக்கும் மேல். அதனால் ஒரு குழாயில் கொஞ்சம் சூடு கூடினால் எரிதல் கூடும், எரிதல் கூடினால் சூடு இன்னும் கூடும். இந்தச் சுழற்சியை உடைக்கத்தான் குழாய்களைச் சுற்றி டைஃபினைலும் டைஃபினைல் ஆக்சைடும் கலந்த எண்ணெயைக் கொதிக்க விடுகிறார்கள். சாதாரண அழுத்தத்தில் 257 டிகிரியில் கொதிக்கும் அந்த எண்ணெய், வெப்பத்தை வாங்கிப்போய் நீராவியாக்கிக் கொடுக்கும். குழாயின் மேல்பகுதியில் வினையூக்கியோடு செயலற்ற வளையங்களைக் கலந்து நிரப்புவதும் இதற்காகத்தான். மெத்தனால் செறிவாக நுழையும் இடம் அது, வெப்ப உச்சி அங்கே எழும்.

உறிஞ்சு கோபுரத்தைத் தாண்டிய வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே சுழற்றுவதும் ஆலையின் உத்தி. அதில் ஆக்ஸிஜன் குறைவு, எனவே நுழைவாயிலில் ஆக்ஸிஜன் 10 சதவீத அளவுக்கு இறங்கும். வெடிப்பு பயம் குறைவதால் மெத்தனாலை 6 சதவீதத்துக்கு மேலும் கூட்ட முடிகிறது. வெளியே விடும் மிச்ச வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் டைமெத்தில் ஈதரையும் பிளாட்டினம் அல்லது பலேடியம் வினையூக்கி எரித்துச் சுத்தம் செய்கிறது.

பணக் கணக்கும் பாருங்கள். ஒரு டன் 37 சதவீத ஃபார்மலினுக்கு 370 கிலோ ஃபார்மால்டிஹைடு வேண்டும். கோட்பாட்டின்படி 395 கிலோ மெத்தனால். விளைச்சல் 93 சதவீதம் என்றால் 425 கிலோ. விளைச்சல் இரண்டு சதவீதம் இறங்கினால் டன்னுக்கு 9 கிலோ மெத்தனால் கூடுதல் செலவு. மெத்தனாலில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நம் நாட்டில் அது சின்ன விஷயமில்லை.

எப்போது மாற்றுவது?

சூடான பகுதியில் மெத்தனால் மாலிப்டினத்தோடு சேர்ந்து ஆவியாகக்கூடிய சேர்மத்தை உண்டாக்குகிறது. அது கீழே போகப் போக, மெத்தனால் தீர்ந்து குழாயும் குளிரும் இடத்தில், மாலிப்டினம் ட்ரைஆக்சைடாக மறுபடி படிகிறது. ஆய்வகக் குவார்ட்ஸ் குழாயிலேயே இதைப் பார்க்கலாம். 380 டிகிரியில் சில நாள் ஓட்டிய பிறகு, வெளிவாய்ப் பக்கம் மயிரிழை போல மெல்லிய ஊசிப் படிகங்கள் ஒட்டியிருந்ததை முதன்முதலில் பார்த்தபோது, வெறும் தூசி என்றுதான் நினைத்தேன். ராமனில் வைத்துப் பார்த்ததும் 820-இல் உச்சி எழுந்தது.

ஆலையில் அந்த ஊசிகள் வளையங்களுக்கு இடையே வளர்ந்து வாயுவின் வழியை அடைக்கும். மேலே இரும்பு மிகுந்து எரிதல் கூடும், கீழே அடைப்பால் அழுத்த இறக்கம் ஏறும். எனவே நாள்தோறும் இரண்டு எண்களைப் பதிவுசெய்யுங்கள்: ஒன்று அழுத்த இறக்கம், இன்னொன்று குழாய்க்குள் வெப்ப உச்சி நிற்கும் உயரம். உச்சி வாரக்கணக்கில் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மேல்பகுதி செத்துக்கொண்டு வருகிறது. எண்ணெயின் வெப்பநிலையை ஓரிரு டிகிரி ஏற்றிக் கொஞ்ச நாள் சமாளிக்கலாம், ஆனால் ஏற்ற ஏற்ற மாலிப்டினம் இன்னும் வேகமாக ஓடும். சாதாரணமாக ஒன்று, இரண்டு ஆண்டில் மாற்ற வேண்டிவரும். ஊதுவானின் மின்செலவும் மெத்தனால் இழப்பும் சேர்ந்து புது வினையூக்கியின் விலையைத் தொடும் நாளைக் கணக்கிட்டு, அதற்கு முன்பே நிறுத்தத் தேதியைக் குறித்துவிடுங்கள்.

இறக்கும்போது முகக்கவசம் கட்டாயம், மாலிப்டினம் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. ஊசி படிந்த கீழ்ப்பகுதியைத் தனி டிரம்மில் சேர்த்து வையுங்கள். மாலிப்டினத்தை மீட்டெடுப்பவர்கள் மாதிரியைச் சோதித்துத்தான் விலை சொல்வார்கள், அந்தக் கீழ்ப்பகுதியில்தான் மாலிப்டினம் அதிகம்.